கத்தியும் கையும் மனமும்

(இரண்டாம் ஆண்டு, பி.எஸ்சி. இயற்பியல் மாணவர்)

முன்னுரை

"அடர்ந்த காட்டில் உன்னைத் தனியே விட்டுவிடுகிறார்கள். ஒரே ஒரு பொருளைத்தான் எடுத்துச் செல்லலாம். எதை எடுப்பாய்?"

எங்கள் விடுதியில் ஓர் இரவு உணவுக்குப் பின் எழுந்த கேள்வி இது. தீப்பெட்டி என்றான் ஒருவன். தண்ணீர்க் குடுவை என்றான் இன்னொருவன். பெரும்பாலோர் கத்தி என்றனர். "நமக்கென்னடா கவலை? இவங்க அப்பாகிட்டச் சொன்னா ஆளுக்கொரு அரிவா அடிச்சுக் குடுத்துருவாரு" என்று ஒரு நண்பன் என்னைச் சுட்டிக் காட்ட, அனைவரும் சிரித்தனர். நானும் சிரித்தேன்.

என் தந்தையார் கொல்லுப் பட்டறை வைத்திருப்பவர். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் நான். அரிவாள் என்றதும் நாளிதழில் வரும் வெட்டுக்குத்துச் செய்திதான் பலருக்கு நினைவுக்கு வருகிறது. ஆனால் என் தந்தையார் அடித்த அரிவாள்கள் கதிர் அறுத்தன, விறகு பிளந்தன, இளநீர் சீவின. அந்த வருவாயில்தான் என் கல்லூரிக் கட்டணமும் கட்டப்பட்டது. ஆகவே அன்றிரவுக் கேள்வியை நான் விளையாட்டாக விட்டுவிட முடியவில்லை. காட்டில் தனித்து விடப்பட்ட மனிதனைக் காப்பது கத்தியா, கைத்திறனா, மனமா என்பதை அறிவியலின் துணைகொண்டும், நடந்த நிகழ்ச்சிகளின் துணைகொண்டும் ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

கத்தி: ஓர் அறிவியல் பார்வை

இயற்கை புலிக்கு நகத்தைக் கொடுத்தது. முள்ளம்பன்றிக்கு முள்ளைக் கொடுத்தது. மனிதனுக்கு அப்படி ஒன்றையும் கொடுக்கவில்லை. அக்குறையைப் போக்க அவன் கண்ட முதற்கருவி கல்லின் கூரிய விளிம்பு. 1863-ஆம் ஆண்டு இராபர்ட் புரூசு ஃபூட் என்னும் நிலவியல் அறிஞர் சென்னையை அடுத்த பல்லாவரத்தில் பழைய கற்காலக் கற்கருவியைக் கண்டெடுத்தார். அத்திரம்பாக்கத்தில் கிடைத்த கைக்கோடரிகள் ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகள் பழமையானவை என்று ஆய்வு காட்டுகிறது. 1991-இல் ஆல்ப்சு மலைப் பனியில் கண்டெடுக்கப்பட்ட, சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முற்பட்ட மனிதனின் உடலோடு ஒரு செப்புக் கோடரியும், மரப்பிடி போட்ட சிறு கற்கத்தியும் இருந்தன. ஆக, கத்தி மனிதனின் மிகப் பழைய தோழன்.

கத்தி எவ்வாறு வெட்டுகிறது? விசையைப் பரப்பால் வகுத்தால் அழுத்தம் என்று பள்ளியிலேயே படித்திருக்கிறோம். 0.1 மில்லிமீட்டர் தடிப்புள்ள மழுங்கிய விளிம்பைத் தீட்டி 0.01 மில்லிமீட்டர் ஆக்கினால், கையின் விசை மாறாமலே அழுத்தம் பத்து மடங்காகிறது. மழுங்கிய கத்திதான் ஆபத்தில்லாதது என்று எண்ணுவது தவறு. அதற்கு மிகுந்த விசை கொடுக்க வேண்டியிருக்கிறது. வழுக்கினால் அவ்விசை முழுவதும் நம் கைமேல் பாய்கிறது.

இனி எஃகைப் பார்ப்போம். இரும்புடன் நூற்றுக்கு அரைப் பங்கு முதல் ஒரு பங்கு வரை கரி சேர்ந்திருந்தால் அது கத்திக்கு ஏற்ற எஃகு. பழைய லாரியின் வில்பட்டையில் இத்தகைய எஃகு இருப்பதால்தான் எங்கள் பட்டறையில் அதை வாங்கி அரிவாள் அடிக்கிறோம். ஏறத்தாழ 800 டிகிரி வெப்பத்துக்குக் காய்ச்சி, சட்டென்று குளிரச் செய்தால் எஃகு மிகவும் கடினமாகிறது. இதைத் துவைச்சல் கொடுப்பது என்பார்கள். ஆனால் கடினமான எஃகு கண்ணாடிபோல் நொறுங்கும். ஆகவே 200 முதல் 300 டிகிரி அளவில் மறுபடி இளஞ்சூடு கொடுத்து அதன் முரட்டுத்தனத்தைத் தணிக்க வேண்டும்.

என் தந்தையாரிடம் வெப்பமானி கிடையாது. விளிம்பை மட்டும் தண்ணீரில் தோய்த்து எடுத்து, கல்லில் ஒருமுறை தேய்த்துவிட்டு, முதுகில் மிஞ்சிய சூடு விளிம்பை நோக்கி ஓடிவருவதை உற்றுப் பார்ப்பார். வைக்கோல் மஞ்சள், பழுப்பு, ஊதா, நீலம் என்று நிறங்கள் ஓடும். வேண்டிய நிறம் விளிம்பைத் தொட்டதும் மீண்டும் தோய்த்துவிடுவார். வகுப்பில் மென்படலத்தில் ஒளியின் குறுக்கீட்டைப் பேராசிரியர் விளக்கி, சோப்புக் குமிழியின் வண்ணங்களை எடுத்துக்காட்டியபோது எனக்கு எங்கள் பட்டறைதான் கண்முன் வந்தது. எஃகின்மேல் படரும் ஆக்சைடுப் படலத்தின் தடிப்பு மாற மாற நிறமும் மாறுகிறது. நான் சமன்பாட்டால் அறிந்ததை அவர் கண்ணால் அறிந்திருக்கிறார்.

காட்டுக்கு ஏற்ற கத்தி எது? மடக்குக் கத்தி பைக்கு வசதியானது. ஆனால் மடியும் இடமே அதன் வலுவற்ற இடம். அலகின் இரும்பு பிடியின் கடைசிவரை ஒரே துண்டாக ஓடும் கத்தியே உறுதியானது. அலகு பத்துப் பன்னிரண்டு சென்டிமீட்டர் நீளமும், மூன்று நான்கு மில்லிமீட்டர் தடிப்பும் இருந்தால் போதும். குரோமியம் நூற்றுக்குப் பத்துக்கு மேல் கலந்த எவர்சில்வர்க் கத்தி எளிதில் துருப்பிடிக்காது. கரி எஃகுக் கத்தி துருப்பிடிக்கும்; ஆனால் சாதாரண ஆற்றுக் கல்லிலும் எளிதாகத் தீட்டிக்கொள்ளலாம்.

கத்தியால் ஆவது என்ன?

காட்டில் கத்தியின் வேலை சண்டையிடுவதன்று. மழையில் நனைந்த விறகு எரியாது; ஆனால் அதன் உள்மரம் பெரும்பாலும் உலர்ந்திருக்கும். கத்தியை விறகின் தலையில் வைத்து, அதன் முதுகில் இன்னொரு கட்டையால் தட்டினால் விறகு பிளக்கும். உள்மரத்தைச் சுருள் சுருளாகச் சீவினால் எளிதில் தீப்பற்றும். தழை அரிந்து படுக்கை பரப்பவும், கொம்புகளை நறுக்கிக் கூரை வேயவும், துணி கிழித்துக் காயம் கட்டவும் கத்தி உதவும். வெட்டும்போது விளிம்பு உடலுக்கு எதிர்ப்புறமாகச் செல்ல வேண்டும். தொடைகளுக்கு நடுவே வைத்து எதையும் சீவலாகாது. தொடையின் உட்புறத்தில் ஓடும் பெரிய இரத்தக் குழாய் அறுபட்டால் சில நிமிடங்களில் உயிர்போகும். கை நீட்டிய தூரத்துக்குள் வேறு யாரும் இருக்கக் கூடாது.

உயிர்காப்புப் பயிற்சி தருவோர் மூன்றின் கணக்கு ஒன்று சொல்வார்கள். மூச்சுக்காற்று இன்றி மூன்று நிமிடம். கடுங்குளிரிலோ கடும் வெயிலிலோ மறைப்பின்றி மூன்று மணி நேரம். நீரின்றி மூன்று நாள். உணவின்றி மூன்று வாரம். இது தோராயக் கணக்கே. ஆயினும் எதை முதலில் தேட வேண்டும் என்ற வரிசையை இது கற்பிக்கிறது. பசி பெரிதாகத் தோன்றும். ஆனால் உணவு கடைசி. இப்பட்டியலில் கத்தி என்ற சொல்லே இல்லை என்பதையும் கவனிக்க வேண்டும். இவற்றைப் பெறக் கத்தி ஒரு வழி. அவ்வளவே.

மழுங்கிய கத்தியும் நெம்புகோலும்

2003-ஆம் ஆண்டு ஏப்ரல் 26-ஆம் நாள், அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஆரன் ரால்சுடன் என்ற இளைஞர் குறுகிய பாறைப் பிளவு ஒன்றில் தனியே இறங்கினார். ஒரு பெரும்பாறை உருண்டு, அவருடைய வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. எங்கே போகிறேன் என்று அவர் யாரிடமும் சொல்லவில்லை. ஆகவே தேடி வரவும் யாருமில்லை. அவரிடம் இருந்தது பல கருவிகள் மடங்கிய மலிவான சிறு கத்தி ஒன்று. பாறையைக் கொத்திக் கொத்தி அதுவும் மழுங்கியது.

அக்கத்தியால் எலும்பை அறுக்க இயலாது என்று அவர் கண்டார். நாட்கள் சென்றன; தண்ணீரும் தீர்ந்தது. ஆறாம் நாள் அவருக்கு ஒரு கருத்துத் தோன்றியது. பாறையே கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உடலைத் திருப்பி நெம்பினால் எலும்பு முறியும்! அவ்வாறே எலும்புகளை முறித்து, எஞ்சிய தசையைச் சிறு அலகால் அறுத்து, 127 மணி நேரத்துக்குப் பின் விடுபட்டார். பிறகு ஒற்றைக் கையால் கயிற்றில் இறங்கி, நடந்து, மீட்கப்பட்டார். அவர் பொறியியல் படித்தவர். கத்தியால் ஆகாததை நெம்புகோல் தத்துவம் செய்தது. எனினும் புறப்படுமுன் ஒருவரிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அக்கை ஒருவேளை தப்பியிருக்கும் என்பதையும் மறக்கலாகாது.

இருபது டன் சாமானும் ஒரு கீரையும்

கருவி குறைந்தவரைப் பார்த்தோம். கருவி மிகுந்தவரையும் பார்ப்போம். 1860 ஆகசுடு 20-ஆம் நாள், ஆஸ்திரேலியக் கண்டத்தைத் தெற்கிலிருந்து வடக்காகக் கடக்க ஒரு குழு மெல்போர்னிலிருந்து புறப்பட்டது. தலைவர் பர்க், துணைத் தலைவராக உயர்ந்தவர் வில்சு. ஏறத்தாழ இருபது டன் சாமான்கள், இருபதுக்கும் மேற்பட்ட ஒட்டகங்கள். வடகடல் ஓரம்வரை சென்று, களைத்து, மூவர் மட்டும் 1861 ஏப்ரல் 21 மாலை கூப்பர் ஓடையிலிருந்த முகாமுக்குத் திரும்பினர். நான்கு மாதங்களுக்கு மேல் காத்திருந்த தோழர்கள் அன்று காலையில்தான் கிளம்பிப் போயிருந்தனர்!

அந்த ஓடைக்கரையில் யாண்ட்ருவாண்டா என்னும் பழங்குடியினர் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்து வந்தனர். மீனும், நார்டு என்ற செடியின் வித்துறையை மாவாக்கிய உணவும் அவர்கள் கொடுத்தனர். ஆனால் பர்க் அவர்களை நம்பவில்லை. ஒருமுறை துப்பாக்கியால் சுட்டு விரட்டினார். பின்பு வெள்ளையர் மூவரும் தாமே நார்டு பொறுக்கி இடித்துத் தின்றனர். வயிறு நிறைந்தது, ஆனால் கால்கள் தளர்ந்தன. சில வாரங்களில் வில்சும் பர்க்கும் இறந்தனர்.

இந்த நார்டு நம் வயல்வரப்பில் நான்கு இலையோடு வளரும் ஆரைக்கீரையின் நெருங்கிய உறவு. பி1 வைட்டமினைச் சிதைக்கும் நொதி ஒன்று நார்டுவில் உண்டு. பழங்குடியினர் அதை நீர்விட்டு அரைத்துப் பக்குவப்படுத்திய முறையில் அந்நொதியின் தீங்கு குறைந்தது. அப்பக்குவம் அறியாமல் உண்டதே அவ்விருவரின் முடிவை விரைவுபடுத்தியது என்று ஆய்வாளர் கருதுகின்றனர். மூன்றாமவர் ஜான் கிங் பழங்குடியினரிடமே சென்று சேர்ந்தார். அவர்கள் உணவும் இடமும் தந்து காத்தனர். 1861 செப்டம்பர் 15-ஆம் நாள் தேடி வந்தவர்கள் அவரை உயிருடன் கண்டனர். இருபது டன் சாமான் காக்காத உயிரை, தெரிந்தவரிடம் கேட்டுக்கொள்ளும் பணிவு காத்தது.

கத்தியே இல்லாமல்

1971 டிசம்பர் 24-ஆம் நாள் பெரு நாட்டின் மழைக்காட்டின் மேல் மின்னல் தாக்கி ஒரு விமானம் சிதறியது. அதிலிருந்த 92 பேரில் 91 பேர் இறந்தனர். இருக்கையோடு ஏறத்தாழ மூவாயிரம் மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து பிழைத்தவர் யூலியானா கோப்கே என்னும் பதினேழு வயதுப் பெண். உடன் வந்த தாயை அவர் இழந்தார். காறை எலும்பு முறிந்திருந்தது. மூக்குக் கண்ணாடி போய்விட்டது. ஒரு காலில் மட்டும் செருப்பு. கையில் ஒரு பை மிட்டாய். கத்தி இல்லை.

அவருடைய பெற்றோர் விலங்கியல் அறிஞர்கள். அக்காட்டிலேயே அமைந்த அவர்களுடைய ஆய்வு நிலையத்தில் அவர் முன்பு வாழ்ந்திருந்தார். ஓடையைப் பின்பற்றினால் ஆறு வரும், ஆற்றைப் பின்பற்றினால் மனிதர் வருவர் என்று தந்தை சொன்னதை நினைவில் கொண்டார். பாம்புக்கு அஞ்சிச் செருப்புக் காலையே முன்வைத்து நடந்தார். திறந்த நீர்நிலை ஓரம் கூடு கட்டும் பறவை ஒன்றின் குரலைக் கேட்டு, பெரிய ஆறு அருகில் இருப்பதை உணர்ந்தார். கைப்புண்ணில் புழு வைத்தபோது, தந்தை நாயின் புண்ணுக்கு மண்ணெண்ணெய் ஊற்றியது நினைவுக்கு வர, ஆற்றோரம் நின்ற படகின் பெட்ரோலை ஊற்றிப் புழுக்களை வெளியேற்றினார். பதினோராம் நாள் மரம் வெட்டும் தொழிலாளர் அவரைக் கண்டு காத்தனர். அவர் பின்னாளில் உயிரியல் பயின்று, வௌவால்களை ஆராய்ந்து முனைவர் பட்டம் பெற்றார்.

2023-ஆம் ஆண்டு மே முதல் நாள் கொலம்பியா நாட்டுக் காட்டில் ஒரு சிறு விமானம் விழுந்தது. தாய் உட்படப் பெரியவர் மூவரும் இறக்க, உய்ட்டோட்டோ பழங்குடியைச் சேர்ந்த நான்கு குழந்தைகள் மட்டும் எஞ்சினர். மூத்த பெண்ணுக்கு வயது பதின்மூன்று. கடைசிக் குழந்தைக்குப் பதினொரு மாதம். விமானத்திலிருந்த மரவள்ளி மாவை எடுத்துக்கொண்டு, காட்டில் எந்தக் கனி உண்ணத்தக்கது என்று வீட்டில் கற்றதைக் கொண்டு, மூத்தவள் மற்ற மூவரையும் காத்தாள். தேடியவர்கள் வழியில் கண்டவை ஒரு கத்தரிக்கோலும், முடிகட்டும் பட்டைகளும், கிளைகளால் அமைத்த சிறு மறைப்புமே. ஹெலிகாப்டரிலிருந்து பாட்டியின் குரலை ஒலிபெருக்கியில் ஒலிக்கச் செய்தார்கள். இருக்கும் இடத்திலேயே இருங்கள் என்பது அவர் சொன்ன செய்தி. நாற்பதாம் நாள் நால்வரும் உயிருடன் மீட்கப்பட்டனர்.

நான் கற்ற பாடம்

பெரியோர் வரலாற்றோடு என் சிறு அனுபவத்தையும் சேர்ப்பதற்குப் பேராசிரியப் பெருமக்கள் பொறுத்தருள வேண்டும். சென்ற பொங்கல் விடுமுறையில் நண்பர் இருவருடன் எங்கள் ஊருக்கு மேற்கே உள்ள குன்றுக்குச் சென்றேன். இடையில் என் தந்தையார் எனக்கென்று அடித்துக் கொடுத்த கத்தி. அதன் பெருமையைக் காட்டவே போனேன் என்றுகூடச் சொல்லலாம். திரும்பும்போது இருட்டிவிட்டது. உண்ணிச்செடிப் புதரில் ஒற்றையடிப் பாதை மறைந்துவிட்டது. எனக்கு நெஞ்சு படபடத்தது. கத்தியை உருவிப் புதரை வெட்டத் தொடங்கினேன். ஒரு மணி நேரம் வெட்டினேன். கத்தி பாறையில் பட்டு விளிம்பில் பல் விழுந்தது. அடுத்த வீச்சு என் இடக்கையிலேயே பட்டது.

"போதும்டா. கொஞ்சம் உக்காரு" என்று நண்பன் என்னைப் பிடித்து உட்கார வைத்து, தன் துண்டால் கையைக் கட்டினான். மூவரும் பேசாமல் இருந்தோம். அப்போதுதான் காதில் விழுந்தது: கீழே, வலப்புறமாக, எங்கள் ஊர்க் கோயில் ஒலிபெருக்கி. மாலையிலிருந்தே அது பாடிக்கொண்டுதான் இருந்திருக்கிறது. என் வெட்டுச் சத்தத்தில் கேட்கவில்லை. இருட்டில் சரிவில் இறங்க வேண்டாம் என்று முடிவு செய்து, குளிரில் ஒருவரையொருவர் ஒட்டி உட்கார்ந்திருந்தோம். விடிந்ததும் ஒலி வந்த திசையில் நடந்தோம். பாதை நாங்கள் இருந்த இடத்திலிருந்து நூறு அடிகூட இல்லை.

இரவெல்லாம் தேடி அலைந்த தந்தையார் என்னைத் திட்டவில்லை. கைக்காயத்தைக் கழுவி மருந்து வைத்தார். பிறகு கத்தியை வாங்கி, பல் விழுந்த இடத்தைக் கட்டைவிரலால் தடவினார்.

"எதுக்குடா வெட்டின?"

"வழி தெரியலப்பா. அதான் வெட்டினேன்."

"வழி தெரியலைன்னா நிக்கணும். வெட்டினா வழி வந்துருமா?"

பயம் வந்ததும் இதயம் விரைந்து துடிக்கிறது; பார்வை குறுகுகிறது; ஏதேனும் செய் என்று உடல் விரட்டுகிறது. அந்த நேரத்தில் நில், நினை, சுற்றிப் பார், பிறகு திட்டமிடு என்பதே உயிர்காப்புப் பயிற்சியின் முதல் விதி. பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்போடு நின்றுபோன என் தந்தையார் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டார்.

முடிவுரை

வல்லவனுக்குப் புல்லும் ஆயுதம் என்பது பழமொழி. புல்லைப் பற்றி நாம் வியக்கிறோம். வல்லவன் எப்படி வல்லவன் ஆனான் என்று கேட்பதில்லை. யூலியானாவும் அந்தக் கொலம்பியச் சிறுமியும் விபத்து நடந்த அன்று எதையும் கற்கவில்லை. முன்பே கற்றிருந்தனர். பர்க்கும் வில்சும் கற்கக் கிடைத்த வாய்ப்பை விரட்டினர். ஆகவே கத்தி பயனற்றது என்பது என் கருத்தன்று. கத்தி கையின் நீட்சி. கை மனத்தின் நீட்சி. மனம் கலங்கினால் நல்ல கத்தி தன்னையே வெட்டும்.

மாணவ நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். மலைக்கோ காட்டுக்கோ செல்லுமுன் வனத்துறையின் அனுமதி பெறுங்கள். எங்கே போகிறோம், எப்போது திரும்புவோம் என்று வீட்டில் சொல்லிவிட்டுச் செல்லுங்கள். தண்ணீரும், தீப்பெட்டியும், ஒரு விசிலும் எடுத்துக்கொள்ளுங்கள். முதலுதவியும் நீச்சலும் கற்றுக்கொள்ளுங்கள். பாதை தவறினால் உட்காருங்கள்.

விடுதிக் கேள்விக்கு இப்போது விடை கேட்டால் நானும் கத்தி என்றுதான் சொல்வேன். ஆனால் அதைச் செய்யத் தெரிந்தவன் என்ற உரிமையோடு சொல்ல விரும்புகிறேன். இந்தக் கோடை விடுமுறை முதல் தந்தையாரிடம் துவைச்சல் கற்று வருகிறேன். நான் அடித்த முதல் கத்தி வளைந்தது. இரண்டாவது நொறுங்கியது. நிறத்தைப் பார்ப்பதில் நான் அவசரப்படுவதாகத் தந்தையார் சொல்கிறார். பல் விழுந்த அந்தப் பழைய கத்தியை அவர் இன்னும் தீட்டித் தரவில்லை. "நீயே தீட்டிக்க" என்று என்னிடமே கொடுத்திருக்கிறார்.